சீனாவின் வாலில்லாத புதுப் போர் விமானம்: திருடியதா, தானே செய்ததா?

வெண்மேகம்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி, கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 டிசம்பர் 26 அன்று சீனாவின் செங்டு நகரத்துக்கு மேலே பட்டப்பகலில் ஒரு பெரிய விமானம் பறந்ததே, கைபேசியில் யாரோ எடுத்த அந்த வீடியோவை அன்று இரவே பத்துப் பதினைந்து தடவை பார்த்திருப்பேன். அரசிலை மாதிரி அகன்ற உடம்பு. செங்குத்து வால் சுத்தமாக இல்லை. பக்கத்தில் இரண்டு இருக்கை உள்ள ஜே-20, அதாவது ரேடாருக்கு மறையும் சீனப் போர் விமானம், ஒன்று துணைக்கு வருவது போல ஒட்டிக்கொண்டே பறக்கிறது. ஜே-20 ஒன்றும் சின்ன விமானம் இல்லை, இருபது மீட்டருக்கு மேல் நீளம், அப்படியிருந்தும் புதியதன் பக்கத்தில் அது இளைத்துத்தான் தெரிந்தது. உடம்பில் 36011 என்ற எண் இருந்ததால் எல்லோரும் ஜே-36 என்று கூப்பிடுகிறார்கள், சீன அரசு வைத்த பெயர் இல்லை அது. அதே நாளில் ஷென்யாங் நிறுவனத்தின் இன்னொரு வாலில்லா விமானமும், இது இரண்டு இன்ஜின் உள்ளது, படத்தில் சிக்கியது.

என் பெரியப்பாவிடம் காட்டினேன். "எல்லாம் அமெரிக்காக்காரனிடம் சுட்டது, கண்காட்சியில் பறக்கும், சண்டைக்கு உதவாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. நான் படிப்பது எலக்ட்ரானிக்ஸ், விமானம் பற்றிப் பொழுதுபோக்காகப் படிப்பதுதான்.

வால் இல்லாமல் ஒரு விமானம் எப்படித் திரும்புகிறது, அந்த வாலை எடுத்து என்ன லாபம்? உலகத்தில் எந்தப் போர் விமானத்திலும் பார்க்காத மாதிரி இதில் எதற்கு மூன்று இன்ஜின்? அப்புறம் முக்கியமான கேள்வி, இது திருடியதா, அவர்களே செய்ததா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.


கடல்ரேடார்:

தம்பி, வால் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், மற்றதற்கு இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இருபத்தாறு வருஷமாகக் கப்பல் ரேடார் பழுது பார்ப்பவன். விமானத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, ஆனால் ரேடார் அலைக்குக் கப்பலும் விமானமும் ஒன்றுதான்.

வாலை எடுப்பது எதிரி ரேடாருக்குத் தெரியாமல் மறையத்தான். மீன்பிடி விசைப்படகுகளின் கம்பத்தில் தகரத்தால் செய்த நட்சத்திரம் மாதிரி ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பாய். மூன்று தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்த்துச் செய்தது. கையில் தூக்கினால் ஒரு கிலோகூட இருக்காது. மரப்படகு ரேடாரில் சரியாகத் தெரியாது, பெரிய கப்பல் மோதிவிடும் என்பதற்காக அதை மாட்டுகிறார்கள். செங்குத்தாகச் சேரும் இரண்டு மூன்று தகடுகளுக்குள் எந்தப் பக்கமிருந்து அலை நுழைந்தாலும், உள்ளே மோதி மோதி வந்த வழியே திரும்பிப் போகும். படகு தெரியாது, அந்தத் தகர நட்சத்திரம் மட்டும் திரையில் பளிச்சென்று தெரியும்.

இப்போது ஒரு சாதாரணப் போர் விமானத்தை நினைத்துப் பார். படுத்திருக்கும் இறக்கை, அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் வால், இரண்டும் சேரும் இடம் செங்கோணம். அதாவது தகர நட்சத்திரத்தைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு பறக்கிறது. அமெரிக்காவின் எஃப்-22, எஃப்-35, சீனாவின் ஜே-20 மூன்றிலும் வால்கள் சாய்ந்து இருப்பது அழகுக்காக இல்லை, அந்தச் செங்கோணத்தை உடைப்பதற்காக.

சாய்த்தால் போதாதா, ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பாய். சண்டை விமானத்தின் மூக்கில் இருக்கும் ரேடாருக்கு அலைநீளம் மூன்று சென்டிமீட்டர் பக்கம். அதை வளைந்த பரப்பும் பூச்சும் ஏமாற்றிவிடும். ஆனால் தரையில் இருக்கும் பெரிய கண்காணிப்பு ரேடார்களில் சில மீட்டர் கணக்கான அலைநீளத்தில் வேலை செய்பவை. அலைநீளமும் பொருளின் அளவும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டப் பொருந்தும்போது அந்தப் பொருளே ஆண்டெனா மாதிரி அதிர ஆரம்பிக்கும். வாலின் அளவு என்ன? அதுவும் மீட்டர் கணக்குதான். அங்கே சாய்வும் பூச்சும் பெரிதாக உதவாது. வாலே இல்லையென்றால் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாய், உனக்குப் பிடிக்கும். ரேடார் ஒரு பொருளை எவ்வளவு தூரத்தில் பிடிக்கும் என்பது அதன் எதிரொலிப் பரப்பின், அதாவது அது எவ்வளவு அலையைத் திருப்பி அனுப்புகிறது என்ற அளவின், நான்காம் மூலத்தைப் பொறுத்தது. எதிரொலியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் தூரம் பாதியாகக்கூடக் குறையாது. பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் 200 கிலோமீட்டரில் தெரிவது 20 கிலோமீட்டரில் தெரியும். அதனால்தான் ஒரு மூடியின் ஓரத்தைக்கூட ரம்பப்பல் மாதிரி வெட்டுகிறார்கள், ஒவ்வொரு திருகாணித் தலைக்கும் அப்படி மெனக்கெடுகிறார்கள். முக்கால்வாசி ஒழுங்காகச் செய்தேன் என்றால் அதில் பலன் கிடையாது.

திரும்புவது எப்படி? இறக்கை நுனியில் இருக்கும் மடிப்பு மேலும் கீழுமாக இரண்டாகப் பிளந்து விரியும். வலது பக்கம் மட்டும் விரித்தால் வலது பக்கம் காற்று பிடித்து இழுக்கும், மூக்கு வலப்பக்கம் திரும்பும். அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானம் 1989-இலேயே இந்த முறையில்தான் பறந்தது. படகில் ஒரு பக்கத் துடுப்பை மட்டும் தண்ணீரில் அழுத்திப் பிடித்தால் படகு அந்தப் பக்கம் திரும்புமே, அதே வேலை. ஆனால் இதை மனிதக் கை செய்ய முடியாது. கணினி ஒவ்வொரு நொடியும் பல தடவை திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு கணம் விட்டாலும் விமானம் பக்கவாட்டில் சுழன்றுவிடும். மெதுவாகப் போகும் பி-2-க்கு அதைச் செய்வது வேறு, ஒலியைவிட வேகமாகப் போக வேண்டிய போர் விமானத்துக்குச் செய்வது வேறு. சீனாக்காரன் அதைப் பறக்கவிட்டுக் காட்டினான் பார், அந்த வீடியோவில் என்னைப் பிரமிக்க வைத்தது அதுதான்.


செங்டுவில்_ஆறுவருஷம்:

கடல்ரேடார் ஐயா, தகர நட்சத்திரத்தை வைத்து இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, நன்றி.

நான் செங்டுவில் மருத்துவம் படித்தவன், 2009-இல் போனேன். இப்போது பறந்ததைப் புரிந்துகொள்ள 2011-இல் இருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கருத்து, அந்த ஊரில் இருந்ததால் கொஞ்சம் நேரிலும் பார்த்திருக்கிறேன்.

செங்டு விமானத் தொழிற்சாலையின் ஓடுதளம் ஹுவாங்தியான்பா என்ற இடத்தில், நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், சந்தை, பஸ் போகும் சாலை. சோதனை விமானத்தை மறைக்கவே முடியாது. அதனால் அங்கே மதிலோரம் ஏணியும் கேமராவுமாக நிற்கும் ஒரு கூட்டமே உண்டு. "மதில் ஏறும் கட்சி" என்று சீனத்தில் அவர்களுக்குப் பெயரே இருக்கிறது. 2010 டிசம்பர் கடைசியில் ஜே-20 ஓடுதளத்தில் ஓடிப் பார்த்த முதல் படங்கள் இவர்களிடமிருந்துதான் உலகத்துக்குப் போயின.

என் வகுப்புத் தோழன் ஒருவன் அந்தக் கூட்டத்து ஆள். முதல் பறப்பு 2011 ஜனவரி 11, செவ்வாய்க்கிழமை, எங்களுக்கு வகுப்பு இருந்ததால் போக முடியவில்லை. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனான். சிச்சுவானில் "சூரியனைப் பார்த்து நாய் குரைக்கும்" என்று ஒரு பழமொழி உண்டு, அந்த அளவுக்கு வெயில் அபூர்வம், எப்போதும் சாம்பல் நிற மேகம்தான். அன்றும் அப்படித்தான். மதிலோரம் மண்மேட்டில் வயசானவர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு அம்மா சோயாப் பால் விற்றுக்கொண்டிருந்தார். சத்தம்தான் முதலில் வந்தது, வயிற்றில் அதிர்ந்தது. அப்புறம் கறுப்பாக ஒன்று சக்கரத்தை இறக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே இறங்கி வந்தது, முன்னால் இருக்கும் சின்ன இறக்கைகள் இரண்டும் தனித்தனியாகத் துடித்துக்கொண்டே இருந்தன, மீனின் துடுப்பு மாதிரி. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் கைதட்டவில்லை, ஒன்றும் பேசவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று தோழன் அப்புறம் சொன்னான்.

சரி, செய்திக்கு வருகிறேன். முதல் பறப்பு நடந்த அன்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் பெய்ஜிங்கில் அப்போதைய சீன அதிபர் ஹூ ஜிந்தாவோவைச் சந்திக்க வந்திருந்தார். இதே கேட்ஸ்தான் 2009 ஜூலையில் சிகாகோவில் பேசும்போது 2020-இல் சீனாவிடம் ரேடாருக்கு மறையும் ஐந்தாம் தலைமுறைப் போர் விமானம் ஒன்றுகூட இருக்காது என்று மதிப்பிட்டதாகச் சொன்னவர். எஃப்-22 தயாரிப்பை 187-உடன் நிறுத்த வேண்டும் என்று வாதாடிய பேச்சு அது. அதே வருஷம் நவம்பரில் சீன விமானப்படையின் துணைத் தளபதி ஹே வெய்ரோங் அரசுத் தொலைக்காட்சியில், புது விமானம் சீக்கிரம் பறக்கும், எட்டுப் பத்து வருஷத்தில் படையில் சேரும் என்றார். மேற்கில் நம்பினவர்கள் குறைவு. 2017-இல் ஜே-20 படையில் சேர்ந்தது. அவர் சொன்ன கணக்கில் எட்டாவது வருஷம்.

நம் ஆட்கள் அதிகம் பேசாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோங் வென்சோங் என்ற வடிவமைப்பாளர். செங்டுவில் ஜே-9 என்ற விமானத்துக்காக வருஷக்கணக்கில் உழைத்தார்கள், அது பறக்காமலே கைவிடப்பட்டது. ஆனால் முன்னிறக்கை வைத்த முக்கோண வடிவம் பற்றி அதில் கற்றது ஜே-10 போர் விமானத்துக்கு வந்தது. ஜே-10 முதலில் பறந்தது 1998-இல், அதன் தலைமை வடிவமைப்பாளர் சோங். அதில் கணினி வழிக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொண்ட இளைஞர் யாங் வெய், பிற்பாடு அவர்தான் ஜே-20-இன் தலைமை வடிவமைப்பாளர். 2001-இலேயே சோங்கும் கூட இருந்தவர்களும் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள், முன்னிறக்கை, இறக்கையின் வேர் நீட்சி, உடம்பே தரும் தூக்குவிசை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வடிவம். அந்தப் படத்தையும் ஜே-20-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரியப்பாவுக்கே புரியும். ஜே-20 பறப்பதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே அச்சான கட்டுரை அது. சோங் 2016 மார்ச்சில் காலமானார். அதே வருஷம் நவம்பரில் ஜுஹாய் விமானக் கண்காட்சியில் ஜே-20 முதல் தடவையாகப் பொதுமக்கள் முன் பறந்தது, அதை அவர் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

இன்னொன்று. 2011-இல் ஜே-20 முதலில் பறந்தபோது துணைக்கு வந்தது இரண்டு இருக்கை ஜே-10. 2024-இல் புதியதற்குத் துணைக்கு வந்தது இரண்டு இருக்கை ஜே-20. நடுவில் பதினான்கு வருஷம்கூட முழுசாக இல்லை.


கேள்விக்குறி:

செங்டு நண்பர் எழுதியது மனதைத் தொட்டது, ஆனால் படத்தின் மறுபாதியையும் வைத்தால்தான் நியாயம்.

சு பின் வழக்கை மறந்துவிடக் கூடாது. கனடாவில் இருந்த சீனத் தொழிலதிபர், 2014-இல் பிடிபட்டார், 2016 மார்ச்சில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 46 மாதத் தண்டனை. சீனாவில் இருந்த ஹேக்கர்களுக்கு எந்த நிறுவனத்தில் யாருடைய கணினியைக் குறிவைக்க வேண்டும், எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்று வழிகாட்டியவர். சி-17 சரக்கு விமானம், எஃப்-22, எஃப்-35 மூன்றும் அந்த வழக்கில் வருகின்றன. இது யூகம் இல்லை, அவரே ஒப்புக்கொண்டது. ஷென்யாங்கின் ஜே-35-ஐ எஃப்-35 பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முன்பக்கத்தில் இருந்து பார்த்தால் இன்ஜின் எண்ணிக்கை தவிர வித்தியாசம் கண்டுபிடிக்கச் சிரமம்.

அப்புறம், பறப்பது ஒன்று, படையில் பயன்படுவது இன்னொன்று. ஜே-20 இதுவரை எந்தப் போரிலும் இறங்கியதில்லை. ரேடார் உறிஞ்சும் பூச்சு மழையிலும் வெயிலிலும் எவ்வளவு நாள் தாங்குகிறது, ஒரு மணி நேரம் பறக்க எத்தனை மணி நேரம் பராமரிப்பு, இந்த மாதிரி விஷயங்களை அமெரிக்க விமானங்களுக்கு அவர்களுடைய தணிக்கை அறிக்கையே சொல்லிவிடும். சீனாவில் அப்படி எதுவும் வெளியே வராது. வீடியோவைப் பார்த்து அமெரிக்கா தோற்றுவிட்டது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.


வெண்மேகம்:

கேள்விக்குறி அண்ணா, நீங்கள் சொன்ன வழக்கு எனக்குத் தெரியாது. அப்படியென்றால் பெரியப்பா சொன்னதில் பாதி சரிதானா? கோப்பைத் திருடினால் விமானம் செய்துவிட முடியுமா? மூன்று இன்ஜின் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே.


மெழுகுவார்ப்பு_கோவை:

இன்ஜின் கேள்வி என்னுடையது. நான் கோவையில் ஒரு மெழுகு வார்ப்புப் பட்டறையில் மேற்பார்வையாளர், பம்புக்கான இம்பெல்லர், வால்வு உடம்பு எல்லாம் வார்க்கிறோம். விமானத்துக்கான பிளேடு நாங்கள் வார்ப்பதில்லை. ஆனால் அடிப்படை முறை ஒன்றுதான். மெழுகில் உரு செய்து, பீங்கான் குழம்பில் முக்கி முக்கிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியே எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் காலியிடத்தில் உலோகத்தை ஊற்றுவது.

என் மேசையில் ஒரு டர்பைன் பிளேடு இருக்கிறது, பழைய இன்ஜினில் இருந்து கழித்துப் போட்டது, சுட்டுவிரல் நீளம்தான். தினமும் ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்ப்பேன். அதன் ஓரத்தில் வரிசையாகத் துளைகள், ஊசிகூட நுழையாது. பிளேடுக்கு உள்ளே வளைந்து வளைந்து போகும் காற்றுப் பாதை இருக்கிறது. போர் விமான இன்ஜினில் இந்தப் பிளேடு மேல் வந்து மோதும் வாயுவின் சூடு, பிளேடு உலோகம் உருகும் சூட்டைவிட அதிகம். உருகாமல் இருப்பதற்குக் காரணம், அந்தத் துளைகள் வழியே வரும் காற்று பிளேடைச் சுற்றிப் போர்வை மாதிரி மூடுவதும், மேலே இருக்கும் பீங்கான் பூச்சும். அந்தச் சூட்டிலேயே அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழல்கிறது, ஒவ்வொரு பிளேடையும் பல டன் எடை வெளிப்பக்கம் இழுக்கிறது.

சாதாரண வார்ப்பில் உலோகம் குளிரும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் படிக மணிகளாக உறையும். மணிக்கும் மணிக்கும் நடுவில் இருக்கும் எல்லையில்தான் சூட்டில் இழுபட்டு விரிசல் விடும். அதனால் பிளேடு முழுவதும் ஒரே படிகமாக உறைய வேண்டும். அச்சை உலையில் இருந்து நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் கீழே இறக்குவார்கள். அடியில் பன்றிவால் மாதிரி முறுக்கிய ஒரு குறுகிய பாதை இருக்கும், பல படிகங்கள் போட்டி போட்டு ஏறி, ஒன்றே ஒன்றுதான் மேலே போய்ச் சேரும், அதுதான் முழுப் பிளேடாக வளரும். இழுக்கும் வேகம் கொஞ்சம் தவறினால், அச்சில் ஒரு தூசி இருந்தால், ஓரத்தில் வேறு படிகம் முளைத்துவிடும், அந்தப் பிளேடு கழிவுக் கூடைக்குப் போக வேண்டியதுதான். எங்கள் பட்டறையில் ஒரு இம்பெல்லரில் ஊசித்துளை ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்கவே எட்டு மாதம் ஆனது, அது தண்ணீர் இறைக்கும் பம்பு. வரைபடம் எங்களிடம் முதல் நாளில் இருந்தே இருந்தது.

தம்பி, கோப்பைத் திருடினால் செய்ய முடியுமா என்ற உன் கேள்விக்கு என் பதில் அதுதான். வடிவத்தின் அளவை எடுத்துவிடலாம். எந்த உலையில், என்ன வேகத்தில், எந்த ஈரப்பதத்தில் என்பது ஆட்களின் கையிலும் கழிவுக் கூடையிலும் இருக்கிறது. சீனா இதற்கு எத்தனை வருஷம் கொடுத்தது என்று பார். டபிள்யூஎஸ்-10 என்ற அவர்களுடைய இன்ஜின் 1980-களில் தொடங்கியது. 2011-இல் ஜே-20 பறந்தபோதும் அதை நம்ப முடியவில்லை, ஆரம்பத்தில் படைக்குப் போன ஜே-20-களில் ரஷ்யாவின் ஏஎல்-31 இன்ஜின்தான். 2014 ஜுஹாயில் ஷென்யாங்கின் எஃப்சி-31 ரஷ்ய ஆர்டி-93 இன்ஜினோடு கறுப்புப் புகை விட்டுக்கொண்டு பறந்ததை வீடியோவில் இன்றும் பார்க்கலாம், ரேடாருக்கு மறையும் விமானம் வெறும் கண்ணுக்குப் பல கிலோமீட்டரில் தெரிந்தது. 2021 ஜுஹாயில்தான் சொந்த இன்ஜின் போட்ட ஜே-20-ஐ வெளிப்படையாகக் காட்டினார்கள். ஜே-20-க்காகவே முதலில் இருந்து நினைத்திருந்த டபிள்யூஎஸ்-15 இன்ஜின் போட்டுப் பறந்த படங்கள் வந்தது 2023-இல். விமானத்தின் உடம்பு பறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து.

மூன்று இன்ஜினுக்கு வருவோம். ஜே-36-இல் உடம்புக்கு அடியில் இரண்டு பக்கமும் காற்றுவாய், முதுகில் மூன்றாவது. அந்த அளவு உடம்பு, வயிற்றில் பெரிய ஆயுத அறை, நீண்ட தூரத்துக்கான எரிபொருள், எல்லாவற்றையும் உயரத்தில் ஒலியைவிட வேகமாக இழுக்க வேண்டுமானால் இன்று அவர்கள் கையில் இருக்கும் இன்ஜினில் இரண்டு போதாது என்பது என் கணிப்பு. இன்ஜின் இருந்தால்தான் மின்சாரமும், பெரிய ரேடாருக்கு நிறைய மின்சாரம் வேண்டும். மூன்று இன்ஜின் என்றால் பராமரிப்பும் மூன்று பங்கு, எந்தப் பொறியாளரும் விரும்பிச் செய்ய மாட்டார். இன்னும் பெரிய இன்ஜின் வரும்வரை காத்திருக்காமல் இருப்பதை வைத்துச் செய்துவிட்டார்கள். ஜே-20-இலும் அதைத்தானே செய்தார்கள், ரஷ்ய இன்ஜினை மாட்டிப் பறந்துகொண்டே சொந்த இன்ஜினுக்காகக் காத்திருந்தார்கள்.

நம் காவேரி இன்ஜின் 1989-இல் ஆரம்பித்தது. தேஜஸில் அதை மாட்ட முடியவில்லை, இன்றைக்கும் அமெரிக்க எஃப்-404 தான். சூலூர் பக்கம் போகும்போது தலைக்கு மேலே தேஜஸ் போகும், பெருமையாக இருக்கும், கூடவே அந்தப் பிளேடு ஞாபகம் வந்து தொண்டையை அடைக்கும். நம்மிடம் ஆள் இல்லை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், வார்ப்புத் தெரிந்த எத்தனை கை இந்த ஊரில் இருக்கிறது. நாற்பது வருஷம் விடாமல் கழிவுக் கூடையை நிரப்பக் காசும் பொறுமையும் வேண்டும்.


மலைக்காற்று:

அருமையான பதில் அண்ணா. இந்தியாவை இழுத்ததால் ஒரு கேள்வி. 2024 மே 27 அன்று எடுத்த செயற்கைக்கோள் படத்தில் திபெத்தின் ஷிகட்சே விமான நிலையத்தில் ஆறு ஜே-20 வரிசையாக நின்றதே, நம் ரஃபேல் இருக்கும் மேற்கு வங்கத்தின் ஹாசிமாராவில் இருந்து 290 கிலோமீட்டருக்குள். நம் சுகோய் ரேடாரே ஜே-20-ஐப் பார்த்துவிட்டது என்று 2018 வாக்கில் செய்தி வந்தது, அது உண்மையென்றால் பயப்பட ஒன்றும் இல்லை அல்லவா?


கடல்ரேடார்:

மலைக்காற்று, அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அமைதிக் காலத்தில் இந்த வகை விமானங்களின் அடிவயிற்றில் ஒரு சின்னக் குமிழ் மாட்டியிருப்பார்கள், லூனெபர்க் வில்லை என்று பெயர். நான் மேலே சொன்ன தகர நட்சத்திரத்துக்குத் தம்பி மாதிரி. வரும் அலையை வந்த திசைக்கே திருப்பும். வேண்டுமென்றேதான் மாட்டுகிறார்கள். பயணிகள் விமானக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு விமானம் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம், தன்னுடைய உண்மையான எதிரொலியை அடுத்த நாட்டு ரேடார் அளந்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது இன்னொரு காரணம். ஜே-20-இலும் அந்தக் குமிழ் படங்களில் தெரிகிறது. குமிழோடு இருந்ததைப் பார்த்துவிட்டு, குமிழைக் கழற்றின நாளில் எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாது.

ஷிகட்சே 12,000 அடிக்கு மேல். அந்த மெல்லிய காற்றில் எந்த விமானமும் முழு எரிபொருளும் முழு ஆயுதமுமாகக் கிளம்புவது கஷ்டம். ஹாசிமாரா சமவெளியில் இருக்கிறது, அது நமக்குச் சாதகம். இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.


கேள்விக்குறி:

மெழுகுவார்ப்பு அண்ணாவின் பதிலைப் படித்தபின் என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். திருட்டு நடந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முன்னிறக்கை வைத்த ஜே-20 மாதிரியோ மூன்று இன்ஜின் ஜே-36 மாதிரியோ அமெரிக்காவிடம் பறக்கிற விமானம் எதுவும் இல்லை, இல்லாததைத் திருட முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். போரில் பார்க்காமல் தரம் சொல்ல முடியாது என்பதில் மட்டும் உறுதியாக நிற்கிறேன்.


வெண்மேகம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியப்பாவுக்கு இந்த இழையை அப்படியே வாசித்துக் காட்டினேன். பிளேடு கதையை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். ஜே-36 இன்னொன்று பறந்தது என்கிறார்களே, அது முதலாவது போலவேதானா?


செங்டுவில்_ஆறுவருஷம்:

இல்லை, மாறியிருக்கிறது. 2025 அக்டோபர் கடைசியில் இரண்டாவது விமானத்தின் படங்கள் வந்தன, முதலாவதைப் பார்த்துப் பத்து மாதத்தில். முதலாவதில் புகை வெளியேறும் இன்ஜின் வாய்கள் உடம்பின் மேல்பக்கத்தில் பதிந்து, கீழே இருந்து பார்த்தால் தெரியாத மாதிரி இருந்தன. இரண்டாவதில் எஃப்-22 மாதிரித் தட்டையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, சக்கரங்களின் அமைப்பும் வேறு. வாலில்லாமல் திருப்புவதற்கு இன்ஜின் புகையையே வளைத்து உதவிக்கு எடுக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மறைவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கட்டுப்பாட்டை வாங்கியிருக்கலாம், கடல்ரேடார் ஐயா சொன்னால் தெரியும்.

ஜே-20-இலும் இதே வழிதான். 2001 என்ற எண் போட்ட முதல் விமானம் பறந்தது 2011-இல், 2014 மார்ச்சில் 2011 என்ற எண்ணோடு வந்த விமானத்தில் காற்றுவாய், வாலின் ஓரம், மூக்கின் அடியில் இருக்கும் கண்ணாடிக் கண், எல்லாம் மாறியிருந்தன. படைக்குப் போனது அந்த வடிவத்தை ஒட்டித்தான். ஆகவே இப்போது பார்க்கும் ஜே-36-ஐ வைத்துக் கடைசி வடிவத்தைச் சொல்லிவிட முடியாது. நேற்றுத் தோழனிடம் பேசினேன். ஹுவாங்தியான்பா மதிலோரம் இந்த வாரமும் போனானாம், மூன்று நாளும் மேகம், ஒன்றும் பறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறான், படம் கிடைத்தால் இங்கே போடுகிறேன்.